பீர் திருவிழாவில் புது பீர்களை ருசி பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் புதிதாக வந்த நம் ஆட்கள் பீர் திருவிழா என்றதும் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் போவது கேம்பிரிட்ஜ் விழாவுக்கு. மே மாதத்தில் ஜீசஸ் கிரீன் புல்வெளியில் பெரிய கூடாரம் போட்டு நடத்துகிறார்கள், 1974-இல் ஆரம்பித்த விழா. மற்ற ஊர் விழாக்களும் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான், சில்லறை வித்தியாசங்கள் இருக்கும்.

குடிக்காதவரைக் குடிக்க வைப்பது என் நோக்கமில்லை. ஏற்கெனவே குடிக்கிறவர் கொஞ்சமாகக் குடிக்கட்டும், அந்தக் கொஞ்சமும் நல்லதாக இருக்கட்டும், என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும். கீழே இருக்கிற எல்லா பதில்களும் அதைச் சுற்றித்தான்.

அங்கே போனால் என்னதான் நடக்கும்?

ஒரு பெரிய கூடாரமோ மண்டபமோ, உள்ளே நீளமான கவுன்டர், அதற்குப் பின்னால் இரும்புச் சட்டங்களில் வரிசையாகப் படுக்க வைத்த பீப்பாய்கள். ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் ஓர் அட்டை: பீரின் பெயர், காய்ச்சிய ப்ரூவரி, ஆல்கஹால் சதவீதம், விலை. நீங்கள் கண்ணாடிக் கோப்பையோடு போய், எது வேண்டும் என்று கேட்டு, வாங்கிக்கொண்டு, வெளியே புல்லில் உட்கார்ந்து குடிக்கிறீர்கள். மேடை, ஆட்டம் பாட்டமெல்லாம் சில விழாக்களில் உண்டு, பல விழாக்களில் கிடையாது. பேச்சுச் சத்தம்தான் பிரதானம்.

கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, தன்னார்வலர்கள். காம்ரா என்ற அமைப்பின் உறுப்பினர்கள் பலர் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். 1971-இல் நாலு நண்பர்கள் ஆரம்பித்த நுகர்வோர் இயக்கம் அது. பெரிய கம்பெனிகள் பாரம்பரியப் பீப்பாய் பீரை ஓரங்கட்டிவிட்டு, வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றிய பீரை நாடு முழுக்கத் திணித்த காலம். அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள். இன்று இங்கே ஊருக்கு ஊர் சின்ன ப்ரூவரிகள் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

டிக்கெட், கண்ணாடி, காசு எல்லாம் எப்படி?

சில விழாக்களுக்கு முன்பதிவு, சிலவற்றுக்கு வாசலிலேயே டிக்கெட். காம்ரா உறுப்பினர்களுக்குச் சலுகை இருக்கும். உள்ளே நுழைந்ததும் டெபாசிட் கட்டி விழாவின் பெயர் பொறித்த கண்ணாடி ஒன்று வாங்க வேண்டும். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும், வேண்டுமென்றால் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். பீருக்குச் சில இடங்களில் கார்டு, சில இடங்களில் டோக்கன். கையில் பாஸ்போர்ட்டோ பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமமோ இருக்கட்டும். 18 வயதுதான் சட்டம், ஆனால் 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்டுவிடுவார்கள், நம் முகங்கள் அவர்கள் கண்ணுக்கு எப்போதும் இளமைதான்.

எவ்வளவு வாங்குவது? எல்லோரும் பைன்ட்தானே வாங்குகிறார்கள்?

வாங்கட்டும். நீங்கள் தேர்ட் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

தேர்ட் என்றால் பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பைன்ட் 568 மில்லி, அப்படியென்றால் தேர்ட் 189 மில்லி. கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கீழே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, மேலே ஒரு கோடு தெரியும். கீழ்க்கோடுதான் உங்கள் கோடு. இங்கே ட்ராஃப்ட் பீரை, அதாவது பாட்டிலில் இல்லாமல் குழாயிலிருந்து ஊற்றுகிற பீரை, மூன்றில் ஒன்று, பாதி, மூன்றில் இரண்டு, முழு பைன்ட் என்ற சட்டப்படியான அளவுகளில்தான் விற்க முடியும், அதனால் தேர்ட் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. உண்மையில் கவுன்டரில் நிற்பவருக்கு உங்கள் மேல் மரியாதை கூடும். இவர் ருசி பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்து அவரே நாலு நல்ல பீரைச் சொல்லுவார்.

ரெண்டு பைன்ட் குடிக்கிற நேரத்தில், அதே அளவுக்குள் ஆறு வித்தியாசமான பீர்களைப் பார்த்துவிடலாம். அதோடு பிடிக்காத பீர் கையில் மாட்டினால் 189 மில்லியோடு போகிறது. பைன்ட் வாங்கிவிட்டுக் காசு கொடுத்தோமே என்று முகம் சுளித்துக்கொண்டு முடிப்பவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன், வேண்டாத வேலை.

இன்னும் சந்தேகமாக இருந்தால் "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். அதை வைத்து இலவசமாக வரிசை முழுக்கச் சுற்றி வரக்கூடாது, அது அழகில்லை.

பீர் ஏன் சில்லென்று இல்லை? நுரையும் இல்லை, கேஸும் இல்லை. கெட்டுப் போய்விட்டதா?

இதுதான் நம் ஆட்கள் முதல் வாயிலேயே கேட்கிற கேள்வி. ஊரில் டாஸ்மாக்கில் வாங்குகிற லாகரை ஐஸ் மாதிரி குளிர வைத்துத்தான் குடித்துப் பழக்கம், அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பீப்பாய் பீர் கெட்டுப் போகவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பீப்பாய்க்குள் போகும்போது அந்த பீரில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாத்திரத்தில் ஊற்றி வைத்த பிறகும் தோசை மாவு புளித்துக்கொண்டே இருக்கிறதே, அதைப்போல பீப்பாய்க்குள்ளும் நொதித்தல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். அதில் பிறக்கிற வாயுதான் பீரில் கரைந்து மெல்லிய துள்ளலைத் தருகிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. விழாவில் பெரும்பாலும் பம்ப் கூட இல்லாமல் நேரே குழாயைத் திறந்து புவியீர்ப்பில் ஊற்றுகிறார்கள், அதனால் நுரை இன்னும் குறைவு. வெப்பநிலை சுமார் 12 டிகிரி. அதற்குக் கீழே போனால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனையும் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ) வாசனையும் எழும்பாது, நாக்கு மரத்துவிடும். ஒரு பீரை உறையக் குளிர வைத்தால் அதன் குறையும் மறைந்துவிடும், நிறையும் மறைந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விழா தொடங்குவதற்குப் பல நாள் முன்பே பீப்பாய்களைச் சட்டத்தில் ஏற்றி, அசையாமல் ஆப்பு வைத்து நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் ஈஸ்ட் அடியில் படியும். மேல்பக்க அடைப்பில் ஒரு மெல்லிய மரக்குச்சியை அடித்து இறக்குகிறார்கள், அதன் நுண்துளைகள் வழியாக அதிக வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். நுரை அடங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டு வாயு புகாத கெட்டிக் குச்சியை வைக்கிறார்கள். பிறகு முகப்பு அடைப்பில் குழாயை வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி. தயங்கி ரெண்டு அடி அடித்தால் பக்கத்தில் நிற்பவர் நனைந்துவிடுவார். பீப்பாய் மேல் குளிர்நீர் ஓடுகிற உறை போர்த்தி அந்த 12 டிகிரியைக் காப்பாற்றுகிறார்கள். மே மாத வெயில் கூடாரத்தின் மேல் அடிக்கும்போது அது லேசான வேலை இல்லை.

திறந்த பீப்பாய்க்குள் காற்று போகும், அதனால் சில நாட்களில் பீர் சோர்ந்துவிடும். பப்களில் மூன்று நாள் என்பது பொதுக்கணக்கு. விழாவில் அதிகம் பார்க்கிற பீப்பாய் 72 பைன்ட் கொள்ளும், சுமார் 41 லிட்டர். நல்ல பீராக இருந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

கிராஃப்ட் பீர் என்கிறார்கள், ரியல் ஏல் என்கிறார்கள். எது எது?

ரியல் ஏல் என்பது மேலே சொன்ன பீப்பாய் பீர், அதற்கு வரையறை இருக்கிறது. கிராஃப்ட் பீருக்கு இங்கே சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது. சின்ன ப்ரூவரி, துணிச்சலான செய்முறை, ஹாப்ஸை வாரி இறைத்த பீர் என்ற பொருளில் மக்கள் சொல்கிறார்கள், பெரிய கம்பெனிகளும் அதே பெயரில் விற்கின்றன. ஒரே ப்ரூவரி ஒரே பீரைப் பீப்பாயிலும் வாயு அழுத்தம் உள்ள கெக் என்ற கலத்திலும் அனுப்புவது உண்டு. இப்போது பல விழாக்களில் ரெண்டும் கிடைக்கும். ரெண்டிலும் ஒரு தேர்ட் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், ஒரு மாலையில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எதில் ஆரம்பிக்க வேண்டும்?

மென்மையானதிலிருந்து கடுமையானதற்கு. சதவீதத்தில் மட்டுமில்லை, கசப்பிலும் புளிப்பிலும் வறுத்த சுவையிலும்.

காரணம் எளிமையானது. ஹாப்ஸின் கசப்பு நாக்கில் தங்கும், அடுத்தடுத்த வாயில் கூடிக்கொண்டே போகும். கசப்பான ரெண்டு ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம், ஹாப்ஸ் தூக்கலான பீர்) குடித்துவிட்டு மைல்டு என்ற மென்மையான கறுப்பு பீரைக் குடித்தால் தண்ணீர்தான் தெரியும், அந்த பீருக்கு நீங்கள் செய்கிற அநியாயம் அது. அதனால் மைல்டில் ஆரம்பியுங்கள். 3 முதல் 4 சதவீதம்தான் இருக்கும், லேசாக வறுத்த தானியம், கொஞ்சம் கருப்பட்டிச் சாயல். பிறகு பிட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்றைய ஐபிஏ-க்களுக்கு முன்னால் பிட்டர் சாதுவான பீர். அப்புறம் பேல் ஏல், ஐபிஏ, அதற்குப் பின் வறுத்த சுவையுள்ள கறுப்பு பீர்களான போர்ட்டர், ஸ்டௌட். 8, 10 சதவீதம் இருக்கிற இம்பீரியல் ஸ்டௌட், பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், அதுவும் பீர்தான்) எல்லாம் கடைசியில், அதுவும் ஒன்றே ஒன்று.

மைல்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து குடித்த பீர், இப்போது பல பப்களில் கிடைப்பதே இல்லை. காம்ரா மே மாதத்தை மைல்டுக்கென்றே ஒதுக்கிப் பிரசாரம் செய்கிறது. புது பீர் தேடிப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம்மில் பலருக்கு மைல்டே புது பீர்தான்.

ருசி பார்ப்பது என்றால் எப்படி? ஒயின்காரர்கள் மாதிரி கொப்பளித்துத் துப்ப வேண்டுமா?

வேண்டாம். பீர் நடுவர்களே பெரும்பாலும் விழுங்கித்தான் பார்க்கிறார்கள்.

முதலில் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். அப்புறம் ஒரு சுழற்று சுழற்றி உடனே மூக்கைக் கண்ணாடிக்குள் விட்டு முகருங்கள். பீர் குடிக்கிறவர்களில் பலர் முகர்வதே இல்லை, ருசியில் பெரும்பகுதி மூக்கில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிறகு ஒரு நல்ல வாய், நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பது போதாது. வாய் முழுக்கப் பரவ விட்டு விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அந்த மூச்சில் வருகிற வாசனை முதலில் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். ஐபிஏ-வாக இருந்தால் மாம்பழம், சாத்துக்குடித் தோல், சில நேரம் பைன் பிசின். போர்ட்டராக இருந்தால் காபிக்கொட்டை, கோகோ. இதெல்லாம் போட்டுச் செய்தது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ஹாப்ஸிலிருந்தும் வறுத்த பார்லியிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வருகிற வாசனைதான். சிட்ரா, மொசைக் என்று அட்டையில் ஹாப்ஸ் ரகத்தின் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த ரகம் எது என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை முன்பின் தெரியாத ப்ரூவரியிலும் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது பொறுமை. பாதியை அப்படியே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். கடுமையான ஸ்டௌட் கொஞ்சம் வெதுவெதுப்பானதும், முதலில் வெறும் காபிக் கசப்பாகத் தெரிந்தது போய் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, வெல்லப்பாகு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஒவ்வொரு பீருக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள், கண்ணாடியையும் அலசிக்கொள்ளுங்கள். அலசுவதற்குப் பல விழாக்களில் தனியாகத் தொட்டி வைத்திருப்பார்கள். வாசனைத் திரவியத்தை அன்றைக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள், உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நல்லது.

குறிப்பு எழுத வேண்டுமா?

எழுதுங்கள். விழாக் கையேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ரெண்டு வார்த்தை போதும்: "சாத்துக்குடி, மெலிவு", "புகை வாசம், இன்னொரு முறை". குடித்த பீர்களைக் குறித்து வைக்கிற அன்டாப்ட் ஆப்பில் பதிகிறவர்கள் நிறையப் பேர், அதுவும் சரிதான். நட்சத்திரம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் ஆறு மாதம் கழித்து அந்த பீர் எப்படி இருந்தது என்பது உங்களுக்கே தெரியாது.

புதிய வகைகளில் எதைத் தேடிப் பார்க்கலாம்?

ஹேஸி ஐபிஏ-வை எப்படியும் உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கத்திலிருந்து பரவியது, ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் மங்கலாக, பழச்சாறு நிறத்தில், வாயில் வழுவழுப்பாக இருக்கும். நன்றாகச் செய்தால் அருமை. ஆனால் பல ப்ரூவரிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று காய்ச்சுவதால் மூன்றாவது ஹேஸிக்கு மேல் வித்தியாசம் தெரியாது, ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

அதைவிடப் புளிப்பு பீர்கள் பக்கம் போங்கள். கோசே என்று ஒரு வகை, ஜெர்மனியின் கோஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் வளர்ந்தது, உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். மோரும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது ஓர் அந்நியமான ருசியே இல்லை. இங்கே பலர் முகம் சுளிக்கிற இடத்தில் நம் ஆட்கள் இன்னொன்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு பீர் கவுன்டர் இருந்தால் பெல்ஜியத்தின் லாம்பிக் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்குப் பகுதியையும் சேர்ந்த பீர். ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், காய்ச்சிய கரைசலை இரவு முழுக்கத் திறந்து வைத்து, காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களையே வேலை செய்ய விடுகிறார்கள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். முதல் வாயில் அதிர்ச்சியாக இருக்கும், ஒரு தேர்ட் முடிவதற்குள் முடிவு கட்டாதீர்கள்.

ஐபிஏ-வில் இருக்கிற இந்தியா உண்மையா?

உண்மைதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரியின் பீர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் போனது. கப்பல் துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததும் தாராளமாகக் கடன் கொடுத்ததும் ஹாட்ஜ்சனுக்குச் சாதகம். பிறகு 1820-களில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிற பர்ட்டன் ஊர் ப்ரூவரிக்காரர்கள் இந்த வியாபாரத்துக்குள் வந்தார்கள். அந்த ஊர் நீரில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக் காட்டும். பட்டாளத்துச் சிப்பாய்களுக்குப் போர்ட்டரும் ஏராளமாகப் போனது, அதை யாரும் பேசுவதில்லை. இன்று உங்கள் கண்ணாடியில் இருக்கிற மாம்பழ வாசனை ஐபிஏ பெரும்பாலும் அமெரிக்க ஹாப்ஸின் பிள்ளை, மதராஸ் கடற்கரையில் இறங்கிய பீருக்கும் அதற்கும் ருசியில் பெரிய சம்பந்தமில்லை.

நான் சுத்த சைவம். பீரில் என்ன இருக்கப் போகிறது?

கவனமாகப் படியுங்கள், பலருக்கு இது தெரியாது. பீப்பாய் பீரைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் என்ற ஒன்றைப் பரம்பரையாகச் சேர்க்கிறார்கள். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்டை இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும், கண்ணாடிக்குள் மிகக் கொஞ்சம்தான் வரும். ஆனால் சைவர்களுக்கு அளவு பிரச்சினை இல்லையே, சேர்த்தார்களா இல்லையா என்பதுதானே பிரச்சினை. இப்போது நிறைய ப்ரூவரிகள் அதை விட்டுவிட்டன. கையேட்டிலோ அட்டையிலோ வீகன் என்றோ, தெளிவிப்பான் சேர்க்காதது என்றோ போட்டிருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள், சொல்லுவார்கள். அப்படிப்பட்ட பீர் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், குறை ஒன்றுமில்லை.

மில்க் ஸ்டௌட்டில் பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும். பார்லி, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆப்பிளில் செய்கிற சைடரும் பேரிக்காயில் செய்கிற பெர்ரியும் உண்டு. ஆனால் அவை சாதாரணமாகவே 6, 7 சதவீதம் இருக்கும், இனிப்பாக இறங்கிவிடும், ஜாக்கிரதை.

வாங்கிய பீர் நிஜமாகவே சரியில்லை என்றால்?

திரும்பக் கொண்டு போய் அமைதியாகச் சொல்லுங்கள். வினிகர் வாடை, ஈரமான அட்டைப்பெட்டி வாடை, ஆஸ்பத்திரி மருந்து வாடை இவை மூன்றும் நிச்சயம் குறை. தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசம் தூக்கலாக அடித்தால் டைஅசிட்டைல் என்ற பொருள் அதிகம் என்று அர்த்தம், சில பழைய பாணி பீர்களில் லேசாக இருக்கும், தூக்கலாக இருந்தால் தப்பு. வெயிலில் வைத்த பீரில் ஒரு துர்நாற்றம் வரும், ஹாப்ஸின் பொருள்கள் மேல் வெளிச்சம் பட்டு நடக்கிற வேதிவினை அது. ப்ரூவரி மேல் பழி போடாதீர்கள், கண்ணாடியை நிழலில் வையுங்கள். புளிப்பு பீர் புளிக்கிறது என்றும், ஹேஸி மங்கலாக இருக்கிறது என்றும் திருப்பிக் கொடுக்க முடியாது. நிஜக் குறை என்றால் பெரும்பாலும் வாக்குவாதம் இல்லாமல் வேறு ஊற்றித் தருவார்கள், அந்தப் பீப்பாயையும் சோதித்துப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னால்தான் அடுத்தவர் தப்பிப்பார்.

சாப்பாடு?

வெறும் வயிற்றோடு போகவே கூடாது. உள்ளே பை, சாஸேஜ், ஸ்காட்ச் எக் எல்லாம் இருக்கும், ஸ்காட்ச் எக்கில் முட்டையைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி. கேம்பிரிட்ஜ் விழாவில் சீஸ் கவுன்டரை விட்டுவிடாதீர்கள். பழகிய செடார் ஒரு துண்டு, கூட ஒரு பிட்டர். நீலச் சீஸ் ஒரு துண்டு, கூட ஒரு பார்லி ஒயின். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கும். சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட் இருக்கும், சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். காரமான சாப்பாட்டோடு கசப்பான ஐபிஏ வேண்டாம், எரிச்சல் கூடும். மால்ட் இனிப்புள்ள பீரோ கோதுமை பீரோ காரத்தைத் தணிக்கும்.

எவ்வளவோடு நிறுத்துவது? வண்டி ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது. முடிந்தது.

இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50. அந்த வரம்புக்குள் எத்தனை தேர்ட் அடங்கும் என்று கணக்குப் போடுவதே தப்பான ஆரம்பம். பஸ்ஸில் வாருங்கள், ரயிலில் வாருங்கள், நடந்து வாருங்கள். கேம்பிரிட்ஜில் எல்லோரும் சைக்கிள்தான், ஆனால் போதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இங்கே ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் ஒரு தேர்ட் கிட்டத்தட்ட ஒரு யூனிட். 10 சதவீத ஸ்டௌட் ஒரு தேர்ட் கிட்டத்தட்ட ரெண்டு. அரசு மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்கிறது, அதையும் ஒரே நாளில் குடித்துத் தீர்க்காமல் பல நாளில் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆறு தேர்ட் என்பது ஒரு மாலைக்கு நிறைவான அளவு. நாலே போதும் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதற்கு மேல் நாக்கு ருசியைப் பிரித்தறிவது குறைந்துவிடும். கர்ப்பிணிகளும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். குடிநீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் அங்கேயே குடிக்க மது விற்கிற இடங்களுக்குச் சட்ட நிபந்தனை, கேட்டு வாங்குங்கள். நண்பர் போதும் என்றால் விட்டுவிடுங்கள், "இன்னும் ஒண்ணு மச்சி" வேண்டாம்.

எந்த நாளில் போவது நல்லது?

வார நாள் மதியம். கூட்டம் குறைவு, பீப்பாய்கள் நிறைந்திருக்கும், தன்னார்வலர்களுக்குப் பேச நேரம் இருக்கும். வெள்ளி மாலை கொண்டாட்டத்துக்கு நல்லது, ருசி பார்க்க நல்லதில்லை. கடைசி நாள் மாலை போனால் பல பீர்கள் தீர்ந்துபோயிருக்கும்.

தனியாகப் போகலாமா? பெண்கள், குடும்பத்தோடு?

தாராளமாக. தனியாக வந்து கையேட்டில் டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு விழாவிலும் உண்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாலே "என்ன குடிக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கவுன்டருக்குப் பின்னாலும் முன்னாலும் பெண்கள் இருக்கிறார்கள், யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. குழந்தைகளை அனுமதிப்பது விழாவுக்கு விழா மாறும், முன்கூட்டியே அவர்கள் அறிவிப்பைப் பாருங்கள்.

யாராவது கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தால் கூடாரமே "ஓ!" என்று கத்தும். கேலி கிண்டல் இல்லை, இந்த ஊர் வழக்கம். உங்களுக்கு நடந்தால் சிரித்துவிட்டுப் போய் இன்னொரு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடித்த பீரைப் பிறகு எங்கே வாங்குவது?

பீப்பாய் பீர் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது. அதே பெயரில் பாட்டிலோ டின்னோ இருக்கலாம், ஆனால் ருசி அப்படியே இருக்காது, வாயு அதிகம் இருக்கும். முதலில் ப்ரூவரியின் பெயரைப் பார்த்து அவர்களுக்கு டாப்ரூம் இருக்கிறதா என்று தேடுங்கள், பல சின்ன ப்ரூவரிகள் வார இறுதியில் கதவைத் திறந்து அங்கேயே ஊற்றித் தருகின்றன. அடுத்து உங்கள் ஊர் பப்பில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளி ப்ரூவரி பீர்களை வாங்க உரிமை இருக்கிற பப்பாக இருந்தால், நாலு பேர் கேட்டதும் வரவழைத்துவிடுவார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக மூடி போட்ட பாத்திரத்தில் அடைத்துக் கொடுக்கிற இடங்களும் உண்டு. அப்படி வாங்கினால் ஃபிரிட்ஜில் வைத்து ரெண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள், குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.